பாய்மரக் கம்பியை முறுக்கும் முன்

சிறு பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "கம்பியை இன்னும் எவ்வளவு டைட் வைக்கலாம்?" என்பதுதான். பாய்மரம் சாய்ந்த படகுகளைச் சீர்செய்யும் வேலையில் நான் பார்த்தவரை, மரத்தை இழுத்துப் பிடித்து நிறுத்தும் இந்தக் கம்பி நடுவில் அறுந்து விழுந்த மரங்கள் குறைவு. ஸ்பிளிட் பின் (கழலாமல் தடுக்கும் இருகால் ஊசி) போடாமல் விட்டதால் கழன்ற, கம்பியைப் பூட்டும் கிளெவிஸ் பின், கம்பி நுனியில் அழுத்திப் பொருத்திய ஸ்வேஜ் குழலில் விட்ட வெடிப்பு, பெரும்பாலும் இவைதான் காரணம்.

அதனால் ஸ்பானரை எடுக்கும் முன் டிஷ்யூ பேப்பரை எடுங்கள். கம்பியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழாக உருவுங்கள். வெறுங்கை வேண்டவே வேண்டாம், அறுந்த இழை உள்ளங்கையைக் கிழித்துவிடும். பேப்பர் எங்காவது சிக்கினால் அந்தக் கம்பி போனதுதான். 19 இழையில் ஒன்றுதானே என்று சமாதானம் சொல்லாமல் மாற்றிவிடுங்கள். அப்புறம் கீழ் நுனி ஸ்வேஜை லென்ஸ் வைத்துப் பாருங்கள். உப்புநீர் கம்பி வழியே வழிந்து வந்து அதற்குள்தான் தேங்குகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. காற்றுப் படாத இடுக்கில் உப்புநீர் நின்றால் அதைக் காக்கும் மெல்லிய படலம் அழிந்துவிடும். பழுப்புக் கசிவோ மயிரிழை வெடிப்போ தெரிந்தால் அந்தப் படகு அன்றைக்குக் கடலுக்குப் போகக் கூடாது. சென்னை மாதிரி ஊரில் ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுவதுதான் மலிவான பராமரிப்பு.

சரி, இப்போது கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளை முறுக்கலாம். முதலில் மரம் நேராக நிற்கிறதா? மெயின் பாயை ஏற்றும் கயிற்றில் ஸ்டீல் டேப்பைக் கட்டி உச்சிக்கு ஏற்றி, இரண்டு பக்கமும் ஷ்ரவுட் எனும் பக்கக் கம்பி படகில் பூட்டியிருக்கும் இடம் வரை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும்.

இறுக்கத்தைப் பலரும் விரலால் தட்டி, வீணைத் தந்தி மாதிரி சத்தம் கேட்டு முடிவு செய்கிறார்கள். அதை நான் நம்புவதில்லை. இறுக்கம் அளக்கும் கேஜ் இல்லாவிட்டாலும் 2 மீட்டர் அளவுகோல் போதும். கம்பியைக் கையால் தொய்வு மட்டும் போகும்படி இழுத்துவிட்டு, கோலின் கீழ் நுனி ஸ்வேஜின் தலையைத் தொடும்படி வைத்து, மேல் நுனியை மட்டும் கம்பியோடு டேப் போட்டு ஒட்டுங்கள். முறுக்க முறுக்கக் கம்பி நீண்டு, கீழே இடைவெளி விழும். 19 இழை ஸ்டெயின்லெஸ் கம்பியில் 1 மி.மீ. இடைவெளி என்றால், அது அறுந்துபோகும் பளுவில் சுமார் 5 சதவீதம் ஏறியிருக்கிறது. அடியில் கனமான கீல் உள்ள சிறு படகின் பக்கக் கம்பிக்கு 3 மி.மீ., அதாவது 15 சதவீதம், நல்ல தொடக்கம். ஒரே பக்கத்தை முழுக்க முறுக்காதீர்கள். இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றிப் போங்கள். முறுக்கும்போது கம்பி சுழலாமல் இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள். கனமான கீல் இல்லாத டிங்கிகளுக்கு இந்தக் கணக்கு வேண்டாம், அந்தந்தப் படகு வகுப்புக்குப் பாய் தைப்பவர்கள் தரும் அட்டவணையே சரி.

கடைசிச் சோதனை கடலில்தான். மிதமான காற்றில் படகு சுமார் 20 பாகை சாய்ந்து ஓடும்போது, காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கம்பி தளர்ந்து ஆடினால் இன்னும் முறுக்க வேண்டும். பளு இல்லாத அந்தக் கம்பியை மட்டும் ஒரு சுற்று முறுக்கி, படகைத் திருப்பி மறுபக்கத்திலும் அதே அளவு முறுக்குங்கள். பிறகு மரத்தடியில் நின்று பாய் நுழையும் பள்ளத்தோடு கண்ணை வைத்து மேலே பாருங்கள். பக்கவாட்டில் வளைவு இருக்கக் கூடாது.

கரைக்கு வந்ததும் ஒவ்வொரு டர்ன்பக்கிளுக்கும் ஸ்பிளிட் பின் போட்டு, கால்களை விரித்து, மேலே டேப் சுற்றுங்கள். புதுக் கம்பியானால் முதல் பலத்த காற்றுக்குப் பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. மரத்தை நிறுத்தும் முன்னும், நிறுத்திய படகை டிராலியில் தள்ளும் முன்னும் தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று ஒருவர் தனியாக நின்று பார்க்க வேண்டும். நம் மரம் அலுமினியம்.