அணைத்த பிறகும் மின்னும் பல்பு

வீட்டைப் புதுப்பித்து, மொபைலிலிருந்தும் இயக்கக்கூடிய ஸ்மார்ட் சுவிட்ச் போட்ட வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மாடிப்படி விளக்கை அணைத்த பிறகும் சில விநாடிக்கு ஒருமுறை எல்.இ.டி. பல்பு பளிச்சென்று மின்னி அடங்குகிறது. இரவில் பார்க்கும் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். என்ன காரணம்?"

சாதாரண சுவிட்சுக்கு ஒரே வேலைதான்: மின்சாரம் வரும் பேஸ் கம்பியைச் சேர்ப்பது, துண்டிப்பது. மின்சாரம் திரும்பும் நியூட்ரல் கம்பி நேராகப் பல்புக்குப் போய்விடும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் நியூட்ரலும் இருக்கும். மாடிப்படி டூ-வே சுவிட்ச் பெட்டிக்குப் பெரும்பாலும் அதை இழுத்திருக்க மாட்டார்கள்.

ஸ்மார்ட் சுவிட்ச் அப்படியில்லை. விளக்கு அணைந்திருக்கும்போதும் உள்ளிருக்கும் சில்லும் (சிப்), கம்பியில்லாமல் சைகை வாங்கும் ரேடியோவும் உங்கள் கட்டளைக்காக விழித்திருக்க வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் ஓடத் திரும்பும் வழியும் வேண்டும். நியூட்ரல் தேவைப்படாத வகை சுவிட்சுகள் அந்த வழியாகப் பல்பையே பயன்படுத்திக்கொள்கின்றன. மிகச் சிறிய மின்னோட்டம் எப்போதும் பல்பு வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். குண்டு பல்பில் இது தெரியவே தெரியாது. 60 வாட் பல்பின் குளிர்ந்த இழைக்கு மின்தடை 100 ஓமுக்கும் குறைவு. சில மில்லி ஆம்பியர் அதைச் சூடாக்காது.

எல்.இ.டி. பல்பில் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதனுள்ளே மாறுமின்னோட்டத்தை நேராக்கும் டயோடுகள், பின்னால் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கெபாசிட்டர், அதற்கும் பின்னால் எல்.இ.டி.க்களை ஓட்டும் டிரைவர். கசிவு மின்னோட்டம் கெபாசிட்டரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. மின்னழுத்தம் ஏறுகிறது, டிரைவர் இன்னும் தூங்குகிறது. ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் டிரைவர் விழித்து, சேர்ந்ததையெல்லாம் ஒரே மூச்சில் எல்.இ.டி.க்களுக்குக் கொட்டிவிடுகிறது. பளிச்! கெபாசிட்டர் காலி, டிரைவர் மீண்டும் தூக்கம். அப்புறம் முதலிலிருந்து சேமிப்பு. சொட்டும் குழாய்க்கடியில் வைத்த செம்பு நிரம்பியதும் தானே கவிழ்ந்து, மறுபடி நிமிர்ந்து நிற்பதுபோல. யாரும் தனியாக வடிவமைக்காமலே சுவிட்சும் பல்பும் சேர்ந்து ஒரு அலைவுச் சுற்றாகிவிட்டன! நியான் விளக்கோடு ஒரு கெபாசிட்டரை இணைத்து மின்ன வைக்கும் பழைய ஆய்வகச் சோதனையும் இதே தத்துவம்தான்.

ஆகவே பெரியவர்களிடம் சொல்லுங்கள்: இதில் பேயும் இல்லை, கண்ணேறும் இல்லை. பரிகாரத்துக்குச் செலவழிக்க வேண்டாம். பல்புக்கு இணையாக, ஹோல்டர் பக்கத்தில், 230 வோல்ட் மெயின்ஸுக்கென்றே செய்த பைபாஸ் கெபாசிட்டரை எலக்ட்ரீஷியனை விட்டுப் போடச் சொல்லுங்கள். 0.1 மைக்ரோஃபாரட் என்றால் 50 ஹெர்ட்ஸில் சுமார் 7 மில்லி ஆம்பியர் வரை அதன் வழியே போகும். கசிவு பல்பை விட்டு விலகிவிடும். சுவிட்சோடு நிறுவனமே இதைத் தந்தால் அதைப் போடுவது நல்லது.

இனிமேல்தான் வேலை தொடங்கப்போகிறீர்கள் என்றால், சுவரை வெட்டிப் பைப் பதிக்கும்போதே எல்லா சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் இழுத்துவிடுங்கள். பெட்டியும் ஆழமாக இருக்கட்டும். வாஸ்துவுக்காக வாசலை நகர்த்தத் தயங்காத நாம் இந்த ஒரு கம்பிக்குக் கணக்குப் பார்ப்பது எனக்கு வருத்தம் தருகிறது. வைஃபை ரேடியோவுக்கு மின்சாரம் அதிகம் தேவை; நியூட்ரல் இருந்தால் அந்தக் கவலையே இல்லை. கம்பி போக வழியே இல்லாத பழைய சுவரென்றால் வைஃபைக்குப் பதில், குறைவாக மின்சாரம் எடுக்கும் ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் இயங்கும் வகையைப் பாருங்கள்.

நியூட்ரல் இல்லாத சுவிட்ச் உள்ள இடத்தில், விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். பல்பு மாற்றும் முன் மெயின் போர்டில் அந்த லைனுக்கான எம்.சி.பி.யை (மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கிவிடுங்கள்.