காலி பிக்கப்பில் இரையும் டயர்: புது டயர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

காசிமேட்டில் மீன் ஏற்றிப் போகும்போது சத்தமில்லாமல் ஓடும் பிக்கப், இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது மட்டும் 'ங்ங்ங்' என்று இரைகிறது. வடசென்னை ஓட்டுநர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. பாதிப்பேர் அடுத்து செய்வது நேராக டயர் கடைக்குப் போவதுதான். புது டயர் போட்டதும் சத்தம் அடங்கும். சில மாதத்தில் மறுபடி ஆரம்பிக்கும். ஏனென்றால் டயரைத் தின்றுகொண்டிருந்த கோளாறு வண்டியிலேயே இருக்கிறது.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இதைச் செய்ய முடியாது. செங்குன்றம் தாண்டி ஜி.என்.டி. சாலையில் விடிகாலையில், முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரத்தில் 50 – 60 கி.மீ. வேகத்துக்குப் போய் கிளட்சை மிதியுங்கள். இன்ஜின் சுற்று இறங்கிய பிறகும் இரைச்சல் அப்படியே இருந்தால் இன்ஜின் காரணம் இல்லை. (சாவியை மட்டும் அணைக்கவே கூடாது. பிரேக் கட்டையாகிவிடும், ஸ்டியரிங் கனத்துவிடும், பூட்டிக்கொள்ளவும் கூடும்.) ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் ஊளையிட்டால் டிஃபரன்ஷியலை (ஆக்சில் நடுவில் இருக்கும் கியர் பெட்டி) சந்தேகிக்கலாம். தார்ச் சாலையிலிருந்து சிமெண்ட் சாலைக்கு மாறியதும் சத்தத்தின் தொனியே மாறினால் அது டயர். சாலை எதுவானாலும் மாறாமல், ஸ்டியரிங்கை லேசாக வளைக்கும்போது மட்டும் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். இடப்புறம் வளைக்கையில் எடை வலது சக்கரத்தில் சாயும். அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங்தான்.

பேரிங் விஷயத்தில் இந்தப் பகுதி வண்டிகளுக்குக் கூடுதல் ஆபத்து உண்டு. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பின் பாடியிலிருந்து ஒழுகி, சக்கரத்தின் நடுவில் பேரிங் உட்கார்ந்திருக்கும் ஹப்பின் மேல் விழுகிறது. மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் ஹப் முங்கும் அளவு தண்ணீரில் ஓட்டினால், சீல் தேய்ந்த பேரிங்கில் தண்ணீர் புகுந்து கிரீஸ் கெட்டுவிடும். சத்தம் அன்றே வராது. துரு பிடித்த பிறகுதான் வரும். அதனால் அப்படி ஓட்டிய வண்டிக்கு ஹப்பைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

பார்ப்பது எளிது. சமதரையில் மற்ற சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்ட் வையுங்கள். செங்கல் வேண்டாம், உடையும். முன் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் சக்கரம் திரும்பும் மூட்டான கிங்பின் அல்லது பால் ஜாயிண்ட். பிறகு பிரேக்கை விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றியபடி இன்னொரு கையை ஸ்பிரிங்கில் வையுங்கள். பேரிங் போயிருந்தால் கரகரப்பு கைக்கே தெரியும். டேப்பர் பேரிங் மாற்றும்போது வெளி வளையமான கப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கப்பில் புது பேரிங்கை உட்கார வைத்தால் அதுவும் சீக்கிரம் போய்விடும். பேரிங் நட்டை அழுத்தி முறுக்கி அப்படியே விடுவதும் தப்பு, சூடேறி எரியும்.

பேரிங் நன்றாக இருந்தால் டயரைத் தொட்டுப் பாருங்கள். கண்ணை விடக் கை நன்றாகச் சொல்லும். உள்ளங்கையைப் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) மேல் உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை தேய்த்துப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் கூராகவும் இருந்தால் டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) கெட்டிருக்கிறது, அலைன்மெண்ட் வேண்டும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) அல்லது தேய்ந்த ஜாயிண்ட். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு; நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். அங்கங்கே குழி குழியாக, மேடும் பள்ளமுமாக இருந்தால் ஷாக் அப்சார்பர் செத்திருக்கலாம், பேலன்சிங் போயிருக்கலாம். இந்தக் குழித் தேய்மானம்தான் ஹெலிகாப்டர் மாதிரி இரையும். கெட்டிப் பட்டா (லீஃப் ஸ்பிரிங்) உள்ள பிக்கப்பில் முன்னால் அழுத்திவிட்டு எத்தனை முறை குதிக்கிறது என்று பார்த்து ஷாக்கைச் சோதிக்க முடியாது. எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். மேடு பள்ளமான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஷாக்கைத் தொட்டுப் பாருங்கள்: வேலை செய்வது வெதுவெதுப்பாக இருக்கும், செத்தது குளிர்ந்தே இருக்கும்.

பட்டா வண்டியில் பலர் கவனிக்காத ஒன்று சென்டர் போல்ட். பட்டா இதழ்களைச் சேர்த்துப் பிடிக்கும் இந்த போல்ட் அதிகச் சுமையில், அல்லது பட்டாவை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட் தளர்ந்திருக்கும்போது உடையும். உடைந்தால் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்து, வண்டி நண்டு போலச் சாய்ந்து ஓடும், நான்கு டயரும் தேயும். முன் சக்கரம் மட்டும் பார்க்கும் அலைன்மெண்ட் கடையில் இது சிக்காது. ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடு வரை இரு பக்கமும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் அளவு இருந்தால், அதைச் சரிசெய்யாமல் அலைன்மெண்டுக்குக் கொடுக்கும் காசு வீண்.

இனி காற்று. பல மாடல்களில் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அல்லது கையேட்டில் சுமையுடன் எவ்வளவு, காலியாக எவ்வளவு என்று பின் டயருக்குத் தனித்தனியாகப் போட்டிருக்கும். நாள் முழுக்கச் சுமைக் காற்றிலேயே ஓடும் பின் டயர், காலி வண்டியில் நடுப் பட்டனில் மட்டும் தரையைத் தொட்டுத் துள்ளும். காலித் தகரப் பாடி அந்த அதிர்வைப் பெரிதாக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது மட்டும் அளவு பாருங்கள். ஓடிச் சூடானபின் அளவு கூடித்தான் காட்டும், அப்போது காற்றை இறக்கிவிடக் கூடாது. நைட்ரஜன் அடித்தால் சத்தம் குறையும் என்பது கட்டுக்கதை.

பேலன்சிங் செய்யும் முன் ரிம்மின் உட்புறத்தைக் கழுவுங்கள். ஒட்டிக் காய்ந்த சேற்றோடு பேலன்ஸ் செய்தால், அந்தச் சேறு உதிர்ந்த அன்றே கணக்கு தப்பும். நான்கும் ஒரே ரக டயராக இருந்தால் சுமார் 8,000 – 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றலாம்: பின் டயர் நேராக முன்னுக்கு, முன் டயர் குறுக்காகப் பின்னுக்கு. பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கும் டயரைப் பக்கம் மாற்றக் கூடாது. குழி விழுந்த டயரை இடம் மாற்றியதும் சத்தம் கூடக் கேட்டால் பயப்பட வேண்டாம், டயர் புது இடத்தில் படிந்து வரும். ஆழமான குழியாக இருந்தால் மட்டும் சத்தம் போகாது. சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 50 – 100 கிலோமீட்டரில் நட்டை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

டயர் வாங்கியே ஆக வேண்டும் என்றால்: முன்னால் நேர்கோட்டு ரிப் ரகம் போடுங்கள். பின்னால் கட்டை கட்டையான லக் ரகம் மண்சாலைக்கு நல்லது, தார்ச் சாலையில் இரையத்தான் செய்யும். மணலி, மாதவரம் கிடங்குகளுக்கு மட்டும் ஓடும் வண்டிக்கு லக் தேவையே இல்லை. அதற்காகக் கார் டயரைப் போட்டுவிடாதீர்கள்; சுமைக் குறியீடு கையேட்டில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கடையில் வெகுநாள் கிடந்த டயரின் ரப்பர் இறுகி, புதிதாகவே இரையும். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்துவிட்டால், அதாவது காடிக்குள் தெரியும் குறுக்கு மேட்டளவுக்குத் தேய்ந்துவிட்டால், எந்தச் சோதனையும் வேண்டாம், மாற்றிவிடுங்கள். ரீட்ரெட் டயரை (தேய்ந்ததன் மேல் புது ரப்பர் ஒட்டியது) முன்னால் போட வேண்டாம்.

மெதுவாக ஓட்டும்போதே 'தொம் தொம்' என்று ஒரே தாளத்தில் அடித்து, ஸ்டியரிங் ஆடினால், பட்டனில் மாட்டிய கல் இருக்கிறதா, பக்கவாட்டில் புடைப்பு இருக்கிறதா என்று உடனே நிறுத்திப் பாருங்கள். புடைத்திருந்தால் உள்ளே நூலிழையோ பெல்ட்டோ பிரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த டயரோடு பட்டறை வரைகூட ஓட்டக் கூடாது. சுமையை இறக்கி, ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.