மூச்சு பத்தவில்லை என்று வருகிறவர்களுக்கு

சித்திரை நெருங்க நெருங்க என்னிடம் பாடுகிறவர்கள் வருவது கூடிவிடும். கள்ளழகரின் பெருமையைச் சொல்லும் அழகர் வர்ணிப்பு பாடுகிறவர்கள், ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேஷம் போடுகிறவர்கள், சர்ச்சில் பாடும் பெண்கள், திருவிழா மேடையில் பாட்டுக் கச்சேரி நடத்தும் பையன்கள், அப்புறம் பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள். நான் ஸ்பீச் தெரபிஸ்ட். காது மூக்கு தொண்டை டாக்டர், தொண்டைக்குள் அதிர்ந்து சத்தம் எழுப்பும் குரல்நாணைப் பார்த்துவிட்டு, "கட்டி கிட்டி எதுவும் இல்லை, பயிற்சி போதும்" என்று எழுதி அனுப்பினால்தான் எனக்கு வேலை. மேலே போனால் பிசிறடிக்கிறது, மூச்சு பத்தவில்லை, பாடி முடித்த மறுநாள் தொண்டை கட்டிக்கொள்கிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் புகார். ஏதாவது டானிக் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்ற எண்ணத்தில்தான் வருகிறார்கள்.

"நல்லா மூச்சு இழுத்து ஒரு வரி பாடுங்க" என்று சொல்லிப் பார்ப்பேன். உடனே தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறும், நெஞ்சு விடைக்கும், வயிறு உள்ளே போகும், கழுத்தில் இரண்டு பக்கமும் கயிறு போலத் தசை புடைக்கும். பாட்டே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் தொண்டை இறுகியாயிற்று.

நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாது. அதற்கு அடியில் குடை வடிவத்தில் உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. அது கீழே இறங்கினால் நுரையீரல் விரிந்து காற்று உள்ளே வரும். அது இறங்கும்போது கீழே உள்ள இரைப்பையும் குடலும் எங்காவது ஒதுங்க வேண்டும் அல்லவா, அதனால்தான் வயிறு முன்னே வருகிறது. பாட்டு வாத்தியார்கள் 'வயிற்றிலிருந்து பாடு' என்று சொல்வது இதைத்தான், வயிற்றுக்குள் காற்றெல்லாம் போவதில்லை. வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டால் உதரவிதானம் இறங்க இடம் இருக்காது. உடம்பு அப்போது கழுத்துத் தசைகளைக் கொண்டு மேல் விலா எலும்புகளைத் தூக்கிக் காற்றை வாங்கப் பார்க்கும். அந்தத் தசைகள் குரல்நாண்கள் இருக்கும் குரல்வளைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அவை இறுகினால் குரல்வளையும் சேர்ந்து இறுகும். பிறகு எவ்வளவு சாதகம் செய்தாலும் மேல் ஸ்தாயி கத்தலாகத்தான் வரும்.

இன்னொரு விஷயம், இதை முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். மூச்சு பத்தவில்லை என்று வருகிறவர்களில் பலருக்கு உள்ளே காற்று அதிகமாக இருப்பதுதான் கோளாறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு நாம் வாங்குவது சுமார் அரை லிட்டர். சின்ன வரி ஒன்றைப் பாட அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எங்கே பாதியில் நின்றுவிடுமோ என்ற பயத்தில் முட்ட முட்ட இழுத்து வைத்துக்கொள்கிறார்கள். முழுசாக விரிந்த நுரையீரலும் விலாவும் தாமாகவே சுருங்கப் பார்க்கும். அந்த அழுத்தம் நேரே குரல்நாணில் வந்து மோதும், அதைத் தாங்க குரல்நாண்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொள்ளும். வரி முடியும்போது இழுத்ததில் பாதிகூடச் செலவாகி இருக்காது, அதற்கு மேலேயே அடுத்த மூச்சை அவசரமாகத் திணிப்பார்கள். நாலு வரி இப்படிப் போனால் பழைய காற்று உள்ளேயே தங்கி, கார்பன்-டை-ஆக்சைடு கூடி, மூளை 'மூச்சு விடு' என்று பதறும். அந்தத் தவிப்பைத்தான் மூச்சு பத்தவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாக இழுக்கிறார்கள்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து வர்ணிப்பு பாடும் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். "தாயி, விடிய விடியப் பாடுன கொரலு, இப்ப நாலாவது அடிக்கே முட்டுது" என்றார். பாடச் சொல்லிக் கேட்டேன். குரலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் 'ஹக்' என்று ஒரு சத்தத்தோடு வாயால் காற்றைக் கவ்வினார். மூச்சு உள்ளே போகும்போது சத்தம் கேட்டால் தொண்டை வழி குறுகியிருக்கிறது என்று அர்த்தம். அடி முடிந்ததும் மிச்சக் காற்றை 'ஸ்ஸ்' என்று விட்டுவிடுங்கள், அடிவயிற்றைத் தளர விடுங்கள், நீங்களாக எதையும் இழுக்காதீர்கள் என்றேன். முதலில் வெடுக்கென்று தோள்தான் ஏறியது. தோளில் என் விரல்களை லேசாக வைத்துக்கொண்டு திரும்பச் செய்யச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில், "அட, காத்து அதா வருதே" என்று அவரே சிரித்துவிட்டார். நான் சொல்ல வந்ததும் அவ்வளவுதான்.

வீட்டில் செய்ய வேண்டியதும் இதேதான். 'ஸ்ஸ்' என்று காற்றை ஒரே சீராக விடுங்கள், கடைசிச் சொட்டுவரை பிழிய வேண்டாம், வசதியாக முடியும் இடத்தில் நிறுத்தி வயிற்றை விட்டுவிடுங்கள், மூக்கு வழியே காற்று வந்துவிடும். இது பழகியபின் உள்ளங்கைகளைக் கீழ் விலாவின் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ்க் குரலில், ஒரே ஸ்வரத்தை நீட்டி ஒரு கார்வை பிடித்துப் பாருங்கள். பாட ஆரம்பித்த உடனே விலா பொசுக்கென்று உள்ளே விழக் கூடாது, மெதுவாகத்தான் இறங்க வேண்டும். எத்தனை வினாடி தம் பிடித்தேன் என்று போனில் டைமர் வைத்துப் போட்டி போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் கழுத்து இறுகுவதைத் தவிர வேறு பிரயோஜனம் இல்லை.

சரி, உட்காரும் விதம். நம் ஊரில் பெரும்பாலும் சம்மணம் போட்டுத்தான் பாட்டு. தரையில் சமமாக உட்கார்ந்தால் பலருக்கு இடுப்பு பின்னால் சாய்ந்து, முதுகு கூன் விழுந்து, வயிறு மடிந்துவிடும். ஜமக்காளத்தை நாலாக மடித்துப் புட்டத்துக்கு அடியில் மட்டும் வையுங்கள்; முழங்கால் இடுப்பைவிடத் தாழ்வாக இருந்தால் முதுகு தானாக நிமிரும். விறைப்பாக நிமிர்ந்து உட்காருவதும் தப்பு, அதிலும் விலா அசையாது. பாட்டு நோட்டையும் போனையும் மடியில் வைத்துக் குனிந்து பார்க்காமல் கண் உயரத்துக்குக் கொண்டு வாருங்கள்.

பெண்களிடம் நான் தவறாமல் கேட்பது பாவாடை நாடாவைப் பற்றி. பட்டுச்சேலை நழுவக் கூடாது என்று மேடை நாளில் வழக்கத்தைவிட ஒரு சுற்று இறுக்கிக் கட்டுவார்கள், பிளவுஸும் பிடிப்பாக இருக்கும். வகுப்பில் சுடிதாரில் நன்றாகப் பாடிய பெண் அரங்கேற்றத்தில் மட்டும் திணறினால் மேடைப் பயம் என்று சொல்லிவிடுகிறோம், பல சமயம் காரணம் அந்த நாடாதான். ஆண்களுக்கு வேட்டி மேல் போடும் பெல்ட்.

நின்று பாடுகிறவர்களுக்கு வேறு தொல்லை. மதுரையில் நாடகக் குழு நடத்திய சங்கரதாஸ் சுவாமிகள் காலமானது 1922-இல். அந்தக் காலத்து நடிகர்கள் மைக் இல்லாமலேயே கடைசி வரிசைவரை கேட்கப் பாட வேண்டியிருந்தது. இப்போது ஊர் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் இருந்தும் பாடுகிறவர்கள் கத்துகிறார்கள், ஏனென்றால் எல்லா ஸ்பீக்கரும் வெளியே பார்த்திருக்கின்றன, பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்பதில்லை. தன் குரல் கேட்காவிட்டால் யாராக இருந்தாலும் தன்னையறியாமல் சத்தத்தைக் கூட்டுவார்கள். மைக்செட்காரரிடம் சொல்லி ஒரு சின்ன பாக்ஸைப் பாடுகிறவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் தொண்டை பாதி தப்பித்துவிடும். மைக்கை வாய்க்கு மேலே வைத்து நாடியைத் தூக்கிப் பாடுவதையும் நிறுத்துங்கள்.

இந்த நாடி தூக்கும் பழக்கத்தைப் பற்றி எஃப். எம். அலெக்சாண்டர் என்பவரின் கதை உண்டு. 1869-இல் டாஸ்மேனியாவில் பிறந்தவர், மேடையில் கவிதையும் நாடக வசனமும் ஒப்பிக்கும் கலைஞர். அடிக்கடி குரல் கம்மிப்போகும். ஓய்வெடுத்தால் சரியாகும், மேடை ஏறினால் திரும்ப வரும். கண்ணாடி வைத்துத் தன்னையே கவனித்தபோதுதான், பேச ஆரம்பித்ததும் தலையைப் பின்னால் இழுத்து, குரல்வளையை அமுக்கி, வாயால் காற்றை இழுப்பது அவருக்குத் தெரிந்தது. இப்போது கண்ணாடியைவிடப் போன் வசதி. பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுங்கள்.

தளர்த்துவது என்றால் கண்ணை மூடி உட்காருவது இல்லை. கன்னத்தில் காதுக்கு முன்னால் பல்லைக் கடித்தால் புடைக்கும் தசையை விரலால் வட்டமாகத் தேய்த்துவிட்டு, அகாரத்தில், அதாவது சொல் இல்லாமல் 'ஆ' என்றே, ஒரு வரி பாடிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். தாளம் போடும் கையையும் கவனியுங்கள், தொடையில் ஓங்கி அடிக்கும் கைக்கும் அந்தப் பக்கத் தோளுக்கும் கழுத்துக்கும் தொடர்பு இருக்கிறது.

ஸ்ட்ரா பயிற்சியும் நல்லது. பாதி நிறைந்த டம்ளர் தண்ணீரில் இளநீர் ஸ்ட்ராவை இரண்டு மூன்று சென்டிமீட்டர் அமிழ்த்தி, 'ஊ' என்று குரல் கொடுத்துக் குமிழி விட்டபடியே கீழிருந்து மேலே போய் இறங்குங்கள். வாய்ப் பக்கம் பாதி அடைபடுவதால் அழுத்தம் உள்ளே திரும்பிக் குரல்நாண்கள் மென்மையாக மோதும். 5 கட்டை சுருதியில் பாடும் பெண் மேல் சட்ஜம், அதாவது மேல் 'ஸ' பிடித்தால் குரல்நாண்கள் வினாடிக்குச் சுமார் 390 தடவை மோதுகின்றன, அதனால் இந்த மென்மைக்கு மதிப்பு இருக்கிறது. ஜிகர்தண்டா ஸ்ட்ரா வேண்டாம், அது ரொம்ப அகலம்.

சுருதி விஷயத்தில் அம்மாக்களிடம் ஒரு வார்த்தை. குரல் உடையும் வயதில் இருக்கும் பையனை வகுப்பில் எல்லோரோடும் ஒரே கட்டையில் பாடச் சொல்லாதீர்கள். இறக்கிக்கொள்ளட்டும், வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை.

அதிமதுரம், மிளகு, கல்கண்டு கேட்காதவர்களே இல்லை. வாய் வறளாமல் இருக்க உதவும், தடையில்லை. ஆனால் விழுங்குவது உணவுக்குழாயில் போகிறது, குரல்நாணைத் தொடுவதில்லை. கச்சேரி முடிந்து நள்ளிரவில் புரோட்டா சால்னா சாப்பிட்டு அப்படியே படுப்பதால்தான் பலருக்குக் காலையில் குரல் கரகரக்கிறது, அமிலம் மேலே ஏறி வருகிறது. இந்த ஊரில் இதைச் சொல்வது கஷ்டம், தெரியும். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுத்துப் பேசுவதையும் விடுங்கள், பலருக்கு அதுவும் சிரமம்தான். சும்மா இருப்பது மேல்.

கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் ஸ்கோப், அதாவது தொண்டைக்குள் பார்க்கும் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். புகையிலை, பீடி பழக்கம் இருந்தாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, கழுத்தில் கட்டி தெரிந்தாலோ அத்தனை நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் திடீரென்று போய்விட்டால் குரல்நாணில் ரத்தக் கசிவாக இருக்கலாம், அட்வான்ஸ் வாங்கியிருந்தாலும் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். எங்களைப் போன்றவர்களிடம் வரும்போது ஸ்கோப் ரிப்போர்ட்டையும் மேடையில் பாடும் வீடியோ ஒன்றையும் கொண்டு வாருங்கள். கிளினிக் நாற்காலியில் யாரும் மேடையில் பாடுவது போலப் பாடுவதில்லை.