ஸ்லோ பர்ன்: எரிச்சலில் பிறந்த காதல் சொல்

காதல் நாவல் படிக்கிறவர்களிடம் 'புத்தகம் எப்படி?' என்று கேட்டால், 'நல்ல ஸ்லோ பர்ன்' என்று பதில் வருகிறது. கண்டதும் காதல் என்று இல்லாமல், பாதிப் புத்தகம் தாண்டியும் ஒரு வார்த்தை வெளியே வராமல், உள்ளுக்குள்ளேயே சூடேறிக்கொண்டு போகும் காதலைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கீரியும் பாம்புமாக இருந்த இருவர் காதலர்களாகும் கதை என்றால் இந்தச் சொல் கட்டாயம் கூடவே வரும்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் பகைக்கும் இந்தச் சொல்லுக்கும் உள்ள உறவு புரிகிறது. ஸ்லோ பர்ன் முன்பு குறித்தது காதலை அல்ல, கோபத்தை. 1930களின் அமெரிக்க நகைச்சுவைப் படங்களில் எட்கர் கென்னடி என்ற நடிகர் இதற்காகவே பேர்போனவர். சட்டென்று கத்தமாட்டார். வழுக்கைத் தலையில் கையை வைத்து, அப்படியே முகத்தின் மேல் மெதுவாக இழுத்து இறக்கி, கோபத்தை அடக்கப் பார்ப்பார். அது அடங்காமல் ஏறிக்கொண்டே போகும். அந்த நடிப்புக்குப் பெயர் ஸ்லோ பர்ன், அதாவது மெதுவாக எரிவது. நாமும் கோபத்தை எரிச்சல் என்றுதானே சொல்கிறோம்!

எரிச்சல் எப்படிக் காதலாகும்? ஒரே அலுவலகத்தில் ஒத்துப்போகாத இருவரை எடுத்துக்கொள்வோம். அவள் எழுதிய அறிக்கையை எல்லோரும் முதல் பக்கத்தோடு மூடிவிடுகிறார்கள். அவன் மட்டும், குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்றே, நாற்பதாம் பக்கம்வரை படிக்கிறான். ஓரத்தில் பென்சிலால் கேள்வி கேட்கிறான். அவளை உண்மையில் கவனித்துப் படித்த ஒரே ஆள் அவன்தான் என்பது அவளுக்குத் தெரிவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் நாம் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருக்கிறோம். பகைவனிடம் யாரும் நல்ல பிள்ளையாக நடிப்பதில்லை. அதனால் காதல் வரும்போது மறைக்க எதுவும் மிச்சமில்லை.

நம் மொழிக்கு இது புதிதல்ல. குறிப்பறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார்:

செறாஅச் சிறுசொல்லும் செற்றார்போல் நோக்கும்
உறாஅர்போன்று உற்றார் குறிப்பு.

பகை இல்லாத கடுஞ்சொல்லும், பகைவரைப் போன்ற பார்வையும், அயலார்போல் காட்டிக்கொள்ளும் அன்புடையவரின் அடையாளம் என்கிறார். இதில் 'போல்' என்ற சொல்தான் எனக்கு உயிர். உண்மையாகவே அவமானப்படுத்துகிறவனைக் காதலனாக்கும் நாவல்கள் இந்த 'போல்' இல்லாதவை. அவற்றை நான் ஸ்லோ பர்ன் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'மெதுவான எரிதல்' அடுப்பைப் பற்றிய பேச்சாக இருக்கிறது. 'ஊடல்' அருமையான சொல், ஆனால் அது ஏற்கெனவே காதலிக்கிறவர்களின் சண்டை. 'நீறு பூத்த நெருப்பு' கிட்டத்தட்ட வருகிறது. ஆனால் அதில் அடுத்து வெடிக்கப்போகும் ஆபத்தின் வாடை அதிகம்.

என் தேர்வு 'கனிதல்'. தணலும் கனியும், காயும் கனியும். புளிப்பும் துவர்ப்புமாக இருந்த ஒன்று, பறிக்க அவசரப்படாததால் இனிப்பாக மாறுவது அந்த ஒரு வினையிலேயே அடங்கிவிடுகிறது. நட்பு காதலாகக் கனிந்தது என்று ஏற்கெனவே எழுதுகிறோம். பகை காதலாகக் கனிந்தது என்றும் தயங்காமல் எழுதலாம். ஸ்லோ பர்ன் நாவலை 'மெல்லக் கனியும் காதல்' என்று சொல்லிப் பாருங்கள். 'அந்த நாவலில் காதல் சீக்கிரம் கனிந்துவிட்டது' என்று குறைசொல்லவும் அதே சொல் உதவும்.