அறுபட்ட பித்தநாளத்துக்கு மாற்றுப் பாதை

பித்தப்பைக் கல்லுக்காகப் பித்தப்பையை அகற்றுவது மிகப் பரவலாகச் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளுள் ஒன்று. வயிற்றில் சிறு துளைகளிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் இதைச் செய்துகொள்பவர்களில் பெரும்பாலானோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். ஆனால் 1000 பேரில் ஏறத்தாழ 3 முதல் 5 பேருக்கு, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுசெல்லும் முதன்மை நாளமே காயப்படுகிறது.

பித்தப்பை அழற்சியால் வீங்கியிருக்கும்போது, அதன் சிறு நாளமும் முதன்மைப் பித்தநாளமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுண்டு. பித்தப்பையைப் பிடித்து இழுக்கும்போது இரண்டும் ஒரே நேர்கோட்டில் வந்துவிட்டால், முதன்மை நாளத்தைச் சிறு நாளம் என்று கருதி கிளிப் இட்டு வெட்டிவிட நேர்கிறது. அதனுடன் சிலருக்குக் கல்லீரலின் வலது தமனியும் சேதமடைகிறது. கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் மேல் பித்தநீரைச் சுரப்பதால், அறுபட்ட முனை திறந்திருந்தால் அது வயிற்றுக்குள் கசிந்து கடும் தொற்றை உண்டாக்கும். கிளிப்பால் அடைபட்டிருந்தால் மஞ்சள் காமாலை தலைகாட்டும்.

அறுபட்ட இரு முனைகளையும் அப்படியே சேர்த்துத் தைத்தால் என்ன என்ற கேள்வி இயல்பானது. நாளத்தின் ஒரு துண்டு முழுவதுமாக வெட்டப்பட்டுவிட்டால், மீதியை இழுத்துத் தைக்கவேண்டியிருக்கும். அந்த இழுவிசையில் தையல் நிலைக்காது. அதைவிட முக்கியமான காரணம் ரத்த ஓட்டம். பித்தநாளத்துக்கு உணவூட்டும் நுண்ணிய தமனிகள் அதன் இரு பக்கவாட்டிலும் நீளவாக்கில் ஓடுகின்றன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்ட ரத்தம் கீழிருந்து மேல்நோக்கி வருகிறது. நாளம் வெட்டப்பட்டதும் மேல்முனை வாடிப்போகிறது. வாடிய திசுவில் இட்ட தையல் முதலில் ஆறியதுபோல் தோன்றினாலும், பின்னர் தழும்பேறிச் சுருங்கிப் பாதையை அடைத்துவிடும்.

ஆகவே சிறப்பு மருத்துவமனைகளில் அறுவை மருத்துவர் காயப்பட்ட இடத்தை விட்டுவிட்டு, வலது, இடது கல்லீரல் நாளங்கள் ஒன்றுசேரும் மேற்பகுதிக்குச் செல்கிறார். அங்கே கல்லீரலின் பக்கமிருந்தே ரத்தம் வந்துகொண்டிருக்கும். பிரான்ஸைச் சேர்ந்த அறுவை மருத்துவர்கள் எப்பும் குயினோவும் 1950களில் விவரித்த வழி இங்கேதான் கைகொடுக்கிறது: இடது நாளம் கல்லீரலின் அடிப்பரப்பை ஒட்டி, அதற்கு வெளியே சற்று நீளமாக ஓடுவதால், அதை வெளிக்கொணர்ந்து முன்சுவரை நீளவாக்கில் திறந்தால் அகலமான வாய் கிடைக்கிறது. அதன்பின் சிறுகுடலை வெட்டி, கீழ்ப்பகுதியின் முனையை மேலே கொண்டுவந்து, அந்த வாயுடன் கரையும் மெல்லிய நூலால் இணைக்கிறார்கள். உணவு வரும் மேற்பகுதியின் முனையை அதன் கீழே பக்கவாட்டில் சேர்த்துவிடுகிறார்கள். இவ்விரு இணைப்புகளுக்கும் இடைப்பட்ட குடல்கிளை பொதுவாக 40 முதல் 60 செ.மீ. நீளம் விடப்படுகிறது, உணவு பின்னேறி நாளத்துக்குள் போகாமலிருக்க அந்த நீளம் தேவை. நாளத்தின் உட்படலமும் குடலின் உட்படலமும் துல்லியமாகப் பொருந்தவேண்டும்.

எப்போது செய்வது என்பதும் எப்படிச் செய்வது என்பதற்கு இணையான கேள்வி. வெட்டுப்பட்டது அறுவை அரங்கிலேயே தெரிந்து, தேர்ந்த மருத்துவரும் அருகிலிருந்தால் உடனே சீரமைக்கலாம். நாட்கள் கழிந்து, வயிற்றில் பித்தநீரும் சீழும் தேங்கிய நிலையில் வருபவர்களுக்கு முதல் வேலை வடிகுழாய் வைத்துத் தொற்றைத் தணிப்பதுதான். பித்தநாளங்களைக் காட்டும் எம்ஆர்ஐ வகையான எம்ஆர்சிபி ஸ்கேனில் நாளங்களின் வரைபடத்தையும், சிடி ஸ்கேனில் தமனிகளின் நிலையையும் பார்த்து, தேவைப்பட்டால் தோல்வழியே கல்லீரல் நாளத்துக்குள் குழாய் செலுத்துகிறார்கள். பின்னர் வீக்கம் வடிய பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்கள் காத்திருக்கிறார்கள். நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் இந்தக் காத்திருப்பு பெரும் வேதனை. ஆயினும் அழற்சியுற்ற திசுவில் அவசரமாகத் தைப்பதைவிட இதுவே பாதுகாப்பானது. நாளம் முழுமையாக அறுபடாமல் சிறு கசிவு மட்டும் இருந்தால், எண்டோஸ்கோப்பி வழியே ஸ்டென்ட் வைப்பதே பெரும்பாலும் போதும்.

அமெரிக்காவில் அறுவை மருத்துவர்கள் ஸ்டூவர்ட்டும் வேயும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் அறுவை செய்த மருத்துவரே மேற்கொண்ட சீரமைப்புகளில் 17 சதவீதமே வெற்றி பெற்றன. சிறப்பு மருத்துவமனையில் அனுபவமிக்கவர்கள் செய்தவற்றில் அது 94 சதவீதம். தோற்றுப்போன ஒவ்வொரு முயற்சியும் நல்ல நாளத்தின் நீளத்தைக் குறைத்து, அடுத்த இணைப்பைக் கல்லீரலுக்குள் மேலும் உயரே தள்ளுகிறது. ஆதலால், காயம் தெரிந்தவுடன் வடிகுழாய் வைத்து நோயாளியைத் தாமதமின்றிச் சிறப்பு மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பது தோல்வியன்று, தக்க சிகிச்சையே என்பது என் உறுதியான கருத்து.

இணைப்பு பின்னாளில் சுருங்கினால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளுக்குள் தெரிந்துவிடும். எனினும் சிலருக்குப் பத்தாண்டுக்குப் பிறகும் நேர்வதால் கல்லீரல் ரத்தப் பரிசோதனை நீண்டகாலம் தொடர்கிறது. நடுக்கத்துடன் காய்ச்சல், அரிப்பு, அடர்நிறச் சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே வந்துவிடவேண்டும். அப்படி வருபவர்களில் பலருக்குத் தோல்வழியே பலூன் செலுத்திச் சுருக்கத்தை விரிக்க முடிகிறது. கவனிக்காமல் விட்டவர்களுக்குக் கல்லீரல் இறுகி, மாற்றுக் கல்லீரல் தேவைப்படும் நிலைவரை போகக்கூடும்.