முந்நூறு ரூபாய்த் தர்மசங்கடம்

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் காதுகுத்து விழா நடக்கிறது. பந்தல் வாசலில் மேசை போட்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மொய் நோட்டு எழுதுகிறார். சில ஆண்டுகளுக்கு முன் தம் மகள் திருமணத்தில் இதே வீட்டாரிடமிருந்து 500 ரூபாய் மொய் பெற்றிருந்த விவசாயி ஒருவர் வந்து, 200 ரூபாயை மேசைமேல் வைத்து, "ஐநூறுன்னே எழுதிக்கங்கய்யா, வெள்ளாமை வீடு வந்ததும் மிச்சத்தக் கொண்டாந்து குடுத்துடுறேன்" என்று தணிந்த குரலில் கேட்கிறார். இப்படியொரு சிறுகதையைக் கற்பனை செய்துகொள்வோம். இதில் கொலை இல்லை, கடத்தல் இல்லை, சொத்துத் தகராறுகூட இல்லை. இருந்தும், ஆசிரியர் என்ன எழுதினார் என்பதை அறியாமல் பக்கத்தைப் புரட்டிப் போகிறவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள்.

உள்ளபடி 200 என்று எழுதினால் கணக்கு நேராக இருக்கும். ஆனால் மொய் நோட்டு ஒருவருடைய சொந்த நாட்குறிப்பு அன்று. அது ஆண்டுக்கணக்கில் பெட்டியில் இருக்கும், அடுத்த செய்முறைக்கு முன் வீட்டார் அனைவரும் உட்கார்ந்து அதைப் புரட்டுவார்கள், வாங்கியதற்குக் குறைவாகத் திருப்பிச் செய்தவர் என்று அந்த விவசாயியின் பெயர் அதில் நிலைத்துவிடும். 500 என்று எழுதினால், இரவில் ரொக்கத்தை எண்ணிப் பார்க்கும்போது 300 ரூபாய் குறையும். பக்கத்தில் உட்கார்ந்து பணத்தை வாங்கிப் பையில் போட்ட பையன்மேல் சந்தேகம் விழலாம். ஆசிரியர் தம் பையிலிருந்து 300 ரூபாயைச் சேர்த்துவிட்டால் கணக்கும் சரியாகும், மானமும் நிற்கும். ஆனால் விவசாயி கேட்காத ஒரு கடனை அவர் தலையில் ஏற்றியதாகிவிடும். வார இதழ்களின் சிறுகதைப் பக்கங்களில் பல தலைமுறைகளாக இடம்பெற்றுவரும் இவ்வகை மென்மையான கதைகள், இவ்வளவு சிறிய விஷயத்தை வைத்துக்கொண்டு மனத்தைப் பிடித்து நிறுத்துவது எவ்வாறு என்பதற்கு உளவியலும் நரம்பியலும் ஓரளவு விடை தருகின்றன.

அறவுணர்ச்சி பற்றிய அறிவியல் ஆய்வின் தொடக்கக் கட்டத்திலேயே இத்தகைய வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, 1932இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்கு இரு சிறுவர்களின் கதையைச் சொன்னார். ஒருவன் சாப்பாட்டறைக் கதவைத் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் தட்டில் கோப்பைகள் இருப்பது அவனுக்குத் தெரியாது. 15 கோப்பைகளும் உடைகின்றன. மற்றவன், அம்மா வெளியே போயிருக்கும் நேரத்தில் அலமாரியிலுள்ள ஜாமை எடுக்க ஏறி, ஒரு கோப்பையை உடைக்கிறான். இருவரில் யார் கெட்ட பையன் என்று கேட்டபோது, சிறு வயதினரில் பலர் 15 கோப்பைகளை உடைத்தவனைச் சுட்டினார்கள். சற்று வளர்ந்தவர்கள் நோக்கத்தைப் பார்த்தார்கள். கதையைச் சொல்லும் விதத்தை மாற்றினால் இன்னும் சிறிய குழந்தைகளும் நோக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. என்றாலும், எண்ணிக்கையைப் பார்ப்பதிலிருந்து எண்ணத்தைப் பார்ப்பதற்கு நகரும் அந்த வளர்ச்சியை வெளிக்கொணர்வதற்கு உடைந்த கோப்பைகளே அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

பிறர் மனத்தில் இருப்பதை ஊகிக்கும் இந்த வேலையில் மூளையின் சில பகுதிகள் குறிப்பாக ஈடுபடுகின்றன. வலக் காதுக்குச் சற்று மேலே, பின்புறமாக அமைந்துள்ள ஒரு பகுதி, ஒருவரின் உருவத்தைப் பற்றியோ உடலைப் பற்றியோ படிக்கும்போது இருப்பதைவிட, அவருடைய நம்பிக்கையையும் எண்ணத்தையும் பற்றிப் படிக்கும்போது மிகுதியாகச் செயல்படுவதை ரெபெக்கா சாக்ஸும் நான்சி கான்விஷரும் 2003இல் காட்டினார்கள். அந்தப் பகுதியின் வேலையைக் காந்தத் துடிப்புகளால் தற்காலிகமாகக் குலைத்து, லியான் யங்கும் சாக்ஸும் மற்றவர்களும் 2010இல் மேற்கொண்ட சோதனை இன்னும் வியப்பானது. ஒருவர் மற்றவருக்குத் தீங்கு செய்ய நினைத்து, அது பலிக்காமல் போன கதைகளைப் படித்த பங்கேற்பாளர்கள், துடிப்புகளின் தாக்கத்தில் இருந்தபோது அந்தச் செயலை வழக்கத்தைவிட எளிதாக மன்னித்தார்கள். எண்ணத்தின் எடை குறைந்து, விளைவின் எடை கூடிவிட்டது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மொய் மேசைக்குத் திரும்பினால், அந்தக் கதை வாசகரிடம் கோரும் உழைப்பு எத்தகையது என்பது விளங்கும். விவசாயி ஏமாற்றப் பார்க்கிறாரா, உண்மையிலேயே திருப்பிக் கொடுப்பாரா என்று முதலில் ஊகிக்க வேண்டும். தம்மை ஆசிரியர் எப்படி மதிப்பிடுவார் என்று அவர் அஞ்சுகிறார் என்பதையும், அந்த அச்சத்தை ஆசிரியர் உணர்ந்துகொண்டார் என்பதையும், உணர்ந்துகொண்டதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கவே அவர் தலை நிமிராமல் பேனாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் அடுத்தடுத்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு மனத்துக்குள் இன்னொரு மனத்தைப் பற்றிய ஊகம், அதற்குள் மற்றொன்று. மூளை ஒளிப்பட ஆய்வுகள் பலவற்றை ஒன்றாகத் தொகுத்து 2011இல் ரேமண்ட் மார் எழுதிய ஆய்வுக் கட்டுரை, கதையைப் புரிந்துகொள்ளும்போது இயங்கும் பகுதிகளும் பிறர் மனத்தை அறியும்போது இயங்கும் பகுதிகளும் கணிசமாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதைக் காட்டியது. துரத்தலும் வெடிப்பும் இல்லாத கதையில் இந்த ஊகவேலையைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆகவே வாசகரின் கவனம் முழுவதும் அதற்கே கிடைக்கிறது.

அறச்சிக்கல் என்றவுடன் உளவியல் பாடநூல்கள் நினைவுக்குக் கொண்டுவருவது வேறொரு கதையை. 1967இல் தத்துவவாதி ஃபிலிப்பா ஃபுட் முன்வைத்த எடுத்துக்காட்டில், கட்டுப்பாட்டை இழந்த டிராம் வண்டி ஒன்று ஐந்து பேரை நோக்கி ஓடுகிறது. வேறு தண்டவாளத்துக்குத் திருப்பினால் ஒருவர் இறப்பார். 2001இல் ஜோஷுவா கிரீனும் அவருடைய குழுவினரும் இவ்வகைச் சிக்கல்களைக் கொடுத்து மூளையைப் படம்பிடித்ததிலிருந்து, டிராம் வண்டி அறவுளவியலின் சோதனைக்கூடக் கருவியாகிவிட்டது. ஆனால் அது வாழ்க்கைக்குப் பொருந்துவதில்லை, படிப்பவர்களுக்குச் சிரிப்பைக்கூட வரவழைக்கிறது என்று கிறிஸ்டோபர் பாமனும் மற்றவர்களும் 2014இல் விமர்சித்தார்கள். அந்த விமர்சனம் எனக்கு நியாயமாகவே படுகிறது. தண்டவாளத்தில் நிற்பவருக்குப் பெயர் இல்லை, நேற்று இல்லை, நாளை அவர் நம் தெருவில் எதிரே வரப்போவதும் இல்லை. உறவு என்ற ஒன்று இல்லாத இடத்தில் மிஞ்சுவது எண்ணிக்கை மட்டுமே.

அன்றாட அறம் எப்படிப்பட்டது என்பதை வில்ஹெல்ம் ஹோஃப்மன் குழுவினர் நேரடியாகவே அளந்து பார்த்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில், அமெரிக்காவையும் கனடாவையும் சேர்ந்த 1,252 பேரின் கைபேசிக்கு மூன்று நாள்கள், நாளொன்றுக்கு ஐந்து முறை செய்தி அனுப்பி, கடந்த ஒரு மணி நேரத்தில் நல்லதோ கெட்டதோ எதையேனும் செய்தார்களா, கண்டார்களா, கேள்விப்பட்டார்களா என்று விசாரித்தார்கள். கிடைத்த 13,240 பதில்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டில் அப்படி ஏதோ ஒன்று பதிவாகியிருந்தது. அறம் நம் நாள்களில் அடிக்கடி தலைகாட்டுகிறது. டிராம் வண்டியோடுதான் வருவதில்லை. மொய் மேசை போன்ற கதை தொடுவது இந்தப் பெரும்பரப்பை.

சிறியதாக இருப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. கதை தரும் இன்பத்தை ஆராய்ந்த வில்லியம் புரூவரும் எட்வர்ட் லிக்டென்ஸ்டைனும், நிகழ்வுகளை அடுக்கும் முறையால் பதற்றம், அறியும் ஆவல், வியப்பு ஆகிய மூன்றும் பிறப்பதாக 1982இல் விளக்கினார்கள். துப்பறியும் கதையில் 'அடுத்து என்ன நடக்கும்' என்ற பதற்றம் மேலோங்குகிறது. அங்கே அறத்தைப் பற்றி நின்று யோசிக்க வாசகருக்கு நேரமில்லை, கொலைகாரன் பிடிபட வேண்டும் என்பதில் ஐயமும் இல்லை. சிறு சிக்கலில் 'எது சரி' என்ற கேள்வியே கதையை நகர்த்தும் விசையாகிவிடுகிறது. கட்டுப்படுத்த இயலாத மன அழுத்தம், லேசானதாயினும், நிதானமாக எடைபோட உதவும், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியின் திறனை விரைவில் குறைப்பதாக ஏமி ஆர்ன்ஸ்டனின் ஆய்வுகள் சொல்கின்றன. தாளில் படிக்கும் ஆபத்து உண்மையான ஆபத்து அன்று என்பதால் அந்த முடிவை அப்படியே கதைக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும், உடல் பரபரக்காத நிலையில்தான் மனம் இரு பக்கமும் போய்வருகிறது என்ற அனுபவத்துக்கு அது ஒத்துப்போகிறது.

மதுரைக்காரர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரின் பெரும் வழக்கு சிலம்பைப் பற்றியது. அதில் பரல் முத்தா, மாணிக்கமா என்பது தெரிந்தவுடன் வழக்கு முடிந்துவிடுகிறது. தவறு யாருடையது என்பதில் அரசனுக்கே ஐயமில்லை. தெரியாமல் இருந்த ஓர் உண்மை வெளிப்பட்டதும் தீரும் சிக்கல் அது. மொய் மேசையில் உண்மைகள் எல்லாம் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகின்றன. இன்னும் எதைக் கண்டுபிடித்தாலும் சிக்கல் தீராது. ஆகையால்தான் கதை முடிந்த பின்னும் அதைப் பேசிக்கொண்டிருக்க முடிகிறது. கோயில் திருவிழா மேடைகளில், மாமியாரா மருமகளா, பெற்றோரா பிள்ளைகளா என்று இரவு வெகுநேரம் வரை பட்டிமன்றம் கேட்டுப் பழகிய ஊர் இது. சாலமன் பாப்பையாவின் நடுவர் பேச்சில் பாதி இன்பம், இரு தரப்பிலும் நியாயம் இருப்பதை அவர் எடுத்துக்காட்டும் இடத்தில்தான் இருந்தது. தீர்ப்பு வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து பேருந்து பிடிக்கக் கிளம்பியிருப்பார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விக்கிரமாதித்தனைத் தோளிலிருந்து கேள்வி கேட்கும் வேதாளத்தின் கதைகளும் இந்த அமைப்பையே உடையவை: சம்பவம் முழுவதையும் சொல்லிவிட்டு, யார் செய்தது சிறந்தது என்று கேட்பது.

பிறரைப் பற்றிப் பேசும் ஆசையும் இதற்குள் இருக்கிறது. இங்கிலாந்தில் பொது இடங்களில் மக்கள் பேசுவதைக் கவனித்த ராபின் டன்பாரும் மற்றவர்களும், பேசும் நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மனிதர்களையும் உறவுகளையும் பற்றியே கழிவதாக 1997இல் எழுதினார்கள். குறைகூறும் பேச்சு அதில் மிகச் சிறு பங்குதான். டீக்கடை வம்பும் இதே ஆர்வத்திலிருந்தே பிறக்கிறது. ஆனால் வம்புக்கு உள்ளானவருக்கு அது போய்ச் சேர்ந்துவிடும், அவர் மனத்தில் இருந்தது பேசுகிறவருக்குத் தெரியவும் தெரியாது. கதையில் இந்த இரு குறைகளும் இல்லை: யாருக்கும் காயமில்லை, எல்லோருடைய உள்ளமும் திறந்திருக்கிறது.

இத்தகைய கதைகள் ஆறுதல் தருவதற்குக் காரணம், அவற்றில் வில்லன் இல்லாததுதான் என்று நினைக்கிறேன். பாத்திரங்களின் செயல்களை இடைவிடாமல் மதிப்பிட்டபடி, நல்லவருக்கு நன்மையும் தீயவருக்குத் தண்டனையும் கிடைக்க வேண்டும் என்று விரும்புவதே பார்வையாளரின் ஈடுபாடு என்பது டால்ஃப் சில்மானின் கோட்பாடு. மொய் மேசையில் மூவருமே நல்லவர்கள். யார் பக்கம் தீர்த்தாலும் இன்னொருவருக்குச் சற்று வலிக்கும். இதில் எழுத்தாளர்கள் வழுக்கும் இடமும் தெளிவாக இருக்கிறது. அந்த நேரம் பார்த்து விவசாயிக்கு லாட்டரிச் சீட்டில் பரிசு விழுந்துவிட்டால், அதுவரை எடைபோட்டுக்கொண்டிருந்த வாசகரின் உழைப்பு வீணாகிறது. மென்மை வேறு, இனிப்புப் பூசுதல் வேறு.

இப்படிப் படிப்பது மனிதரை மேம்படுத்துமா என்பதில் நிதானம் தேவை. இலக்கியச் சிறுகதை ஒன்றைப் படித்த உடனேயே பிறர் உணர்ச்சியைக் கண்களிலிருந்து அறியும் திறன் கூடுவதாக டேவிட் கிட்டும் இமானுவேல் கஸ்தானோவும் 2013இல் அறிவித்தபோது அது பெரிய செய்தியானது. 2016இலும் 2018இலும் பிறர் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த டேவிட் டோடல்-ஃபெடரும் டயானா டாமிரும் கதை வாசிப்பால் மிகச் சிறிய முன்னேற்றம் இருப்பதாக 2018இல் எழுதினார்கள். ஒரு கதையால் மனம் திருந்திவிடும் என்று சொல்வதற்கு இந்த அளவு சான்று போதாது.

குழந்தைகளிடம் மேற்கொண்ட இரு ஆய்வுகள், பயன் இருக்கும் இடத்தில் அது எப்படிப்பட்ட கதையிலிருந்து வருகிறது என்பதைச் சற்றுத் துல்லியமாகக் காட்டுகின்றன. பொய் சொன்னவனுக்குக் கேடு வந்த கதை, அதாவது புலி வருகிறது என்று கூவிய சிறுவனின் கதை போன்றது, குழந்தைகள் பொய் சொல்வதைக் குறைக்கவில்லை. உண்மையை ஒப்புக்கொண்ட சிறுவனைத் தந்தை பாராட்டிய கதை குறைத்தது என்பது காங் லீ குழுவினர் 2014இல் கண்டது. மற்றோர் ஆய்வில், பகிர்ந்துகொள்வது பற்றிய ஒரே கதையை மனிதப் பாத்திரங்களோடு கேட்ட நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகள் தம் ஸ்டிக்கர்களை மற்றவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். உடையணிந்த விலங்குகளோடு கேட்டவர்கள் அவ்வாறு செய்யவில்லை. நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதியில் பிள்ளைக்குப் புத்தகம் தேடும் பெற்றோர், நரியும் முயலும் வரும் நீதிக் கதைகளோடு, பக்கத்து பெஞ்சுக்காரியிடம் இரவல் வாங்கிய பென்சிலைத் தொலைத்துவிட்டு வீடு திரும்பும் ஒரு சிறுமியின் கதையையும் தேடி எடுக்கலாம்.