பிறந்தநாளுக்கு மறுநாள் வாழையிலைக்கும் பலூனுக்கும் என்ன நேர்கிறது?

குழந்தையின் பிறந்தநாளை வீட்டில் கொண்டாடி முடித்துக் கூடத்தைப் பெருக்கும்போது வாழையிலைத் துண்டு, கேக்குப் பிசிறு, வெடித்த பலூன், ஜிகினா, பேப்பர் கப் என எல்லாம் ஒரே முறத்தில் வந்து சேர்கின்றன. நமக்கு அவை அனைத்தும் குப்பைதான். மண்ணிலுள்ள பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்குமோ அவற்றில் சில உணவு, சில தீண்டவே முடியாத பொருள். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துவிட்டால், விழாவுக்கு எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்பதைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

வாழையிலையிலிருந்து தொடங்கலாம். அதன் செல் சுவர்களின் முக்கியக் கட்டுமானப் பொருள் செல்லுலோஸ். குளுக்கோஸ் மூலக்கூறுகள் வரிசையாகக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி அது. ஒவ்வொரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையே ஓர் ஆக்சிஜன் அணு பாலமாக நிற்கிறது. பூட்டுக்கு ஏற்ற சாவியைப் போல அந்த இணைப்பில் சரியாகப் பொருந்தும் நொதிகளைப் பல நுண்ணுயிரிகள் சுரக்கின்றன; அவை நீர் மூலக்கூறு ஒன்றைப் பயன்படுத்திப் பாலத்தை அறுத்துவிட, கிடைக்கும் சர்க்கரையை நுண்ணுயிரிகள் உண்கின்றன. இலையின் மேற்பரப்பில் மட்டும் ஒரு மெழுகுப் படலம் இருக்கிறது. பந்திக்கு முன் தெளிக்கும் நீர் இலையில் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு உருள்வதற்குக் காரணம் இதுவே. இந்தப் படலம் நுண்ணுயிரிகளையும் சிறிது காலம் தடுத்து நிறுத்துகிறது. அதனால்தான் முழு இலையைவிட, கிழித்துப் போட்ட இலை விரைவாக மட்குகிறது. கிழிந்த ஓரங்கள் வழியே நுண்ணுயிரிகள் நேராக உள்ளே நுழைந்துவிடுகின்றன. பாக்குமட்டைத் தட்டில் லிக்னின் என்னும் கடினமான பொருள் கூடுதலாக உள்ளது. அதைப் பெரும்பாலும் பூஞ்சைகளே சிதைக்கின்றன என்பதால் அது மட்குவதற்கு அதிக நாள் பிடிக்கும், ஆனாலும் மட்கிவிடும்.

பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கின் கதை வேறு. அதன் சங்கிலி முழுவதும் கரிம அணுக்களே கைகோத்து நிற்கின்றன. நீரைக் கொண்டு அறுப்பதற்கு நடுவில் ஆக்சிஜன் பாலம் எதுவும் இல்லை. பேப்பர் கப் நனைந்து ஊறிப்போகாமல் இருப்பதற்குக் காரணம், அதன் உட்புறம் பூசப்பட்டிருக்கும் இந்தப் பிளாஸ்டிக்தான். அத்தகைய கப்பில் 85 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை சூடான நீர் 100 மில்லி லிட்டரை ஊற்றி 15 நிமிடம் வைத்திருந்தால், ஏறத்தாழ 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் நீரில் கலக்கின்றன என்று கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தனர். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளுக்குத் தடை உண்டு. கடைகளில் விற்கும் பச்சை நிறப் ‘பேப்பர் வாழையிலை’யிலும் இதே பூச்சு இருக்கக்கூடும். ஓரத்தைக் கிழித்து, மெல்லிய படலம் இழுபட்டுப் பிரிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். குழந்தைகளுக்குப் பாயசமோ பாலோ தருவதற்கு எவர்சில்வர் டம்ளர்களே போதும். இருபது டம்ளர்களைக் கழுவுவது ஒரு பெரிய வேலையே அல்ல.

பலூன் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ரப்பர் மரத்தின் பாலிலிருந்து கிடைப்பது ஆகையால் அது தானாக மட்கிவிடும் என்ற விளம்பரத்தை நம்பி வாங்குகிறார்கள். பதப்படுத்தாத ரப்பரைச் சில பாக்டீரியாக்கள் மெதுவாகச் சிதைக்கும் என்பது உண்மையே. ஆனால் பலூனாகும் முன்பு ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். கந்தக அணுக்கள் ஒரு சங்கிலியை மற்றொன்றுடன் குறுக்கே பிணைத்துவிடுகின்றன. நிறமிகளும், ரப்பர் கெடாமல் காக்கும் வேதிப்பொருள்களும் இவற்றோடு சேர்கின்றன. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நன்னீரிலும் கடல்நீரிலும் எருக்குவியலிலும் பலூன்களை 16 வாரங்கள் வைத்துப் பார்த்தபோதும் அவை குறிப்பிடத்தக்க அளவில் மட்கவில்லை என்று 2021இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பளபளக்கும் எண் வடிவப் பலூன்களோ அலுமினியம் பூசிய பிளாஸ்டிக். அவை மட்கும் என்ற பேச்சுக்கே இடமில்லை. வானில் பறக்கவிடும் எந்தப் பலூனும் வேறொருவரின் வயலிலோ கடலிலோ விழுந்தே தீரும்.

என் மதிப்பீட்டில் இவை எல்லாவற்றிலும் மோசமானது ஜிகினா. பலூனைக் கையால் பொறுக்கி எடுத்துவிடலாம். அலுமினியம் பூசிய பாலியெஸ்டர் படலத்தை நறுக்கிச் செய்த இந்தத் துகள்களோ குழந்தைகளின் கூந்தலிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு, குளிக்கும் நீரோடு சாக்கடைக்குள் போய்விடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் உதிரி பிளாஸ்டிக் ஜிகினாவின் விற்பனையை 2023 அக்டோபரில் கட்டுப்படுத்தியது. அலங்காரத்துக்கான தெர்மாகோலும் பலூனைத் தாங்கும் பிளாஸ்டிக் குச்சியும் 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. குருத்தோலைத் தோரணம், மாவிலை, செவ்வந்திச் சரம், பச்சரிசி மாவுக் கோலம் என நம் வீட்டு விசேஷங்களில் உள்ளவை எல்லாமே நுண்ணுயிரிகளுக்கும் எறும்புகளுக்கும் உணவாகக்கூடியவை. ஓலையில் கிளியும் காற்றாடியும் முடையத் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்துவிட்டால், குழந்தைகள் விழா முழுவதும் அவரைவிட்டு நகரமாட்டார்கள்.

இலையிலும் ஓலையிலும் விழா நடத்தினாலும், கடைசியில் அனைத்தையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டால் பயன் பெருமளவு வீணாகிறது. கிடங்கில் காற்றுப் புகாத ஆழத்தில் புதையும் இலையும் சோறும் மீத்தேன் வாயுவாக மாறுகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட மீத்தேன் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. காற்றோட்டம் உள்ள இடத்தில் ஆக்சிஜனைக் கொண்டு வாழும் நுண்ணுயிரிகள் முந்திக்கொள்வதால் மீத்தேன் மிகக் குறைவாகவே உண்டாகிறது.

இலையையும் மீந்த உணவையும் இப்படிக் காற்றோட்டத்தில் மட்கவைக்க மாடியில் ஓட்டையிட்ட ஒரு மண்தொட்டி போதும். நுண்ணுயிரிகளுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் 30 பங்கு கரிமம் தேவை. காய்கறித் தோலிலும் மீந்த உணவிலும் நைட்ரஜன் அதிகம். சருகிலும் தென்னை நாரிலும் நறுக்கிய பாக்குமட்டையிலும் கரிமம் அதிகம். எனவே ஈரமான குப்பை ஓர் அடுக்கு, அதன்மேல் காய்ந்தவை அதைவிடத் தடிமனாக ஓர் அடுக்கு என மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் மட்டும் கசியும் அளவுக்கு ஈரம் இருப்பது சரி. நீர் வழிந்தோடினால் காற்றறைகள் அடைபட்டு நாற்றம் எடுக்கும். உடனே சருகைச் சேர்த்துக் கிளறிவிட வேண்டும். கேக்கின் மேலுள்ள கிரீமை மட்டும் மிகக் குறைவாகவே சேர்க்கலாம், ஏனெனில் அதிலுள்ள கொழுப்பு மற்றக் கழிவுகளின் மேல் படிந்து காற்றைத் தடுப்பதோடு எலிகளையும் வரவழைத்துவிடும்.